திதி பார்த்து நடக்கலாம்: மும்பைக் கடலோரத்தில் மூத்தவர்களின் காலைநடைக்கு ஒரு வழிகாட்டி

ஓய்வு பெற்றபின் மகனோடோ மகளோடோ தங்குவதற்காக மும்பைக்கு வந்து சேரும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பவை இரண்டு. நல்ல காபிப்பொடி எங்கே கிடைக்கும்? காலாற நடக்க இடம் எங்கே? முதல் கேள்விக்கு மாட்டுங்கா என்று ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது. முலுண்டிலும் செம்பூரிலும் கோரேகாவிலும் எத்தனையோ பேர் அடுக்ககச் சொசைட்டி வளாகத்துக்குள், நிறுத்திவைத்த கார்களைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத் தொலைவில் கடல் இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்தால் வாரம் ஒரு நாளாவது அங்கே போய்வரலாம்.

புதியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெரினாவில் நடந்த பழக்கம் இங்கே அப்படியே உதவாது. சென்னையில் சூரியன் கடலில் எழும். இங்கே கடலில் விழும். சென்னையில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான், பார்த்தால்கூடத் தெரியாது. மும்பையில் அது ஐந்து மீட்டர் வரை போகும். காலையில் பரந்து கிடந்த மணல் நண்பகலில் காணாமல் போயிருக்கும். அதனால் இங்கே நடையைத் திட்டமிடும்போது கிழமைக்கு முன்னால் திதியைப் பார்க்க வேண்டும்.

பஞ்சாங்கம் வீட்டில் இருந்தால் போதும்

கடல் ஏறுவதை மராட்டியில் பர்தி என்றும், வற்றுவதை ஓஹோட்டி என்றும் சொல்வார்கள். மீன் விற்கும் கோளிப் பெண்களிடம் கேட்டால் அன்றைய நேரத்தை யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். கொங்கணக் கரையில் வழிவழியாக வரும் ஒரு கணக்கு உண்டு: திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் கிடைப்பதுதான் கடல் முழுதாக ஏறி நிற்கும் நேரம். பிரதமைக்கு ஒன்று, துவிதியைக்கு இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனால் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பதினைந்து. வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் கணக்கு ஒன்றேதான்.

சதுர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கை முக்காலால் பெருக்கினால் மூன்று. அதிகாலை மூன்று மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் கடல் ஏறி நிற்கும். அதிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து, அதாவது காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும், நன்றாக வற்றியிருக்கும். அஷ்டமி என்றால் ஏற்றம் ஆறு மணிக்கு, ஏகாதசி என்றால் எட்டேகாலுக்கு, பௌர்ணமியன்று பதினொன்றேகாலுக்கு. சந்திரனின் ஓட்டத்தால் ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப்போகிறது. அந்த முக்கால்தான் இந்தக் கணக்கில் வருவது. அரை மணி நேரம் முன்பின் இருக்கும். துல்லியமாக வேண்டுமானால் கைபேசியில் அன்றைய ஏற்ற வற்ற அட்டவணையைப் பாருங்கள். ஆனால் அடுத்த மாதத்துக்கு நாள் குறிக்கப் பஞ்சாங்கமே வசதி.

நடைக்கு இதன் பலன் என்ன? காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை மணலில் நடக்க வேண்டுமானால், அமாவாசை அல்லது பௌர்ணமி தொடங்கிப் பஞ்சமி வரையான நாள்கள் ஏற்றவை. கடல் உள்வாங்கி, ஈர மணல் கெட்டியாக, அகலமாகக் கிடக்கும். அஷ்டமி முதல் துவாதசி வரை காலையில் நீர் மேலே இருக்கும். அந்த வாரம் மணலை மறந்துவிட்டுக் கடலோரச் சிமெண்டு நடைபாதைக்குப் போங்கள். நம்மவர்கள் அஷ்டமி, நவமியில் எதையும் தொடங்க மாட்டார்கள். மணலைப் பொறுத்தமட்டில் அந்த வழக்கம் சரியாகவே ஒத்துப்போகிறது. அமாவாசையன்று தர்ப்பணம் இருப்பவர்கள் வர மாட்டார்கள், தேய்பிறைச் சதுர்த்தியில் விரதக்காரர்கள் வெறும் வயிற்றோடு நடக்கக் கூடாது என்பதையும் கழித்துவிட்டால், பெரும்பாலும் துவிதியை, திருதியை நாள்கள்தான் எல்லோருக்கும் பொருந்தும்.

ஆள் சேர்ப்பது

ஐந்து பேருக்குக் குறைந்தால், இரண்டு பேருக்குச் சளி பிடித்ததும் நடை நின்றுவிடும். பத்துப் பேருக்கு மேல் போனால் அது சுற்றுலா ஆகிவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் தலையெண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். ஆறேழு பேர் நல்ல அளவு. கோயில் பஜனையில் பழக்கமானவர்கள், சண்முகானந்தா அரங்கக் கச்சேரியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள், தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் கடை வைத்திருந்து இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்ட திருநெல்வேலி அண்ணாச்சி, பேரனைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட வரும் பாலக்காட்டு மாமி என்று கலந்து இருந்தால் பேச்சுக்குப் பஞ்சம் வராது. ஒரே அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்கள் மட்டும் சேர்ந்தால் பழைய மேலதிகாரியைத் திட்டியே மூன்று கிலோமீட்டரும் கழிந்துவிடும்.

முதல் நாளே இரண்டு பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருவர்: அன்றைய வழி, திரும்பும் நேரம், ரயில் எல்லாம் அவர் கையில். கடைசியில் ஒருவர்: ரயிலுக்குக் கார்டு போல, அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. இதில் முக்கியமானவர் பின்னால் வருகிறவர்தான். மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். முன்னால் போகிறவர் நின்று காத்திருந்துவிட்டு, பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்புவது பலரும் செய்கிற காரியம். இளைப்பாற வேண்டியவருக்கு மட்டும் அதில் ஓய்வே கிடைப்பதில்லை. கடைசி ஆள் வந்தபின்தான் ஓய்வு நேரம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்துக்கு எளிய அளவு பேச்சு: பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் சரி, வாக்கியம் பாதியில் நின்று மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

வாட்ஸ்அப் குழு வேண்டும், ஆனால் நடை பற்றி மட்டும். காலை வணக்கப் படங்களும் மூட்டுவலிக்கு வெந்தய வைத்தியமும் அதில் நுழைந்துவிட்டால், நாளைய நடை எத்தனை மணிக்கு என்ற செய்தியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கிழமை, ரயில்

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் வசதி என்று தோன்றும். நான் பரிந்துரைக்க மாட்டேன். மத்திய, ஹார்பர் தடங்களில் பெரும்பாலான ஞாயிறுகளில் பராமரிப்புக்காக மெகா பிளாக் இருக்கும். காலை பத்தரை, பதினொன்றிலிருந்து பிற்பகல் வரை வண்டிகள் குறையும், சில ஓடாது. மேற்குத் தடத்திலும் இப்படி நடப்பது உண்டு. களைத்துப்போய் வீடு திரும்பும் நேரம் சரியாக அதில் மாட்டிக்கொள்ளும். மேலும் ஞாயிறு காலையில் கடலோரம் முழுக்க ஓட்டக்காரர்களும் சைக்கிள்காரர்களும் இருப்பார்கள்.

வாரநாளே நல்லது. மும்பையின் கூட்டத்துக்கு ஒரு திசை உண்டு: காலையில் தெற்கு நோக்கி, மாலையில் வடக்கு நோக்கி. ஆறு மணிக்குள் தெற்கே கிளம்பிவிட்டால் உட்கார்ந்து போகலாம். ஒன்பதரைக்கு வடக்கே திரும்பும்போது எதிர்த்திசைதான் நசுங்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் வகுப்பில் மூத்த குடிமக்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகள் இருக்கின்றன. அதில் இளைஞர் உட்கார்ந்திருந்தால் தயங்காமல் கேளுங்கள், பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள். ஆட்டோவை நம்பித் திட்டம் போட வேண்டாம். பாந்த்ரா, சயானுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. டாக்சி அல்லது ‘பெஸ்ட்’ எனப்படும் நகரப் பஸ்தான்.

முதல் நடை: மரைன் டிரைவ், வடக்கிலிருந்து தெற்காக

எங்கே தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிர்காவ் சௌபாட்டி கடற்கரையிலிருந்து நரிமன் பாயிண்ட் வரை சுமார் மூன்றரை கிலோமீட்டர், சமதளம், வழிநெடுக உட்காரத் தோதான கடற்சுவர். மேற்குப் பார்த்த கரை என்பதால் காலையில் பின்னாலிருக்கும் கட்டடங்கள் இளவெயிலை மறைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, பக்கத்திலேயே இணையாக ஓடும் மேற்கு ரயில் தடம். சார்னி ரோடு, மரைன் லைன்ஸ், சர்ச்கேட் என்று மூன்று நிலையங்கள். யாருக்காவது முடியவில்லை என்றால் பாதியில் ஒருவர் துணையோடு வெளியேறிவிடலாம். புதிய குழுவுக்கு இந்த ‘பாதியில் விடைபெறும் வாசல்’ மிகவும் முக்கியம். அது இருக்கிறது என்று தெரிந்தாலே தயங்குகிறவர்கள் வந்துவிடுவார்கள்.

பலரும் சர்ச்கேட்டில் இறங்கி வடக்கே நடப்பார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். தாதரிலோ மாட்டுங்கா ரோடிலோ எல்லா நிலையத்திலும் நிற்கும் ஸ்லோ வண்டி ஏறிச் சார்னி ரோட்டில் இறங்குங்கள். அங்கே மேம்பாலப் படி ஏற வேண்டியிருக்கும், ஆனால் கால் களைக்காத நேரத்தில் ஏறிவிடலாம். நடையின் முடிவில் சர்ச்கேட். அது தடத்தின் கடைசி நிலையம் என்பதால் பிளாட்பாரத்துக்குப் படியே ஏற வேண்டாம். சாலையிலிருந்து நேராக உள்ளே போகலாம். வண்டியும் அங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் போதும், அடுத்த வாரமும் வருவார்கள்.

நரிமன் பாயிண்ட் முனை வரை போயே தீர வேண்டும் என்று இல்லை. முதல் மாதம் சர்ச்கேட் திருப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வழியில் இடப்பக்கம் வளைந்த பால்கனிகளோடு நிற்கும் கட்டடங்களைப் பாருங்கள். 1930, 40களின் ஆர்ட் டெக்கோ பாணி; 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த தொகுதியின் ஒரு பகுதி. வலப்பக்கம் கடற்சுவருக்கு அப்பால் குவிந்து கிடக்கும் நாற்கால் சிமெண்டுக் கட்டைகள் அலையின் வேகத்தை உடைப்பதற்கானவை. அவற்றின்மேல் இறங்கிப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம். பாசி வழுக்கும், இடுக்கில் கால் போனால் எடுப்பது கடினம்.

மணலுக்கு: ஜுஹு

மரைன் டிரைவ் பழகியபின், நல்ல திதி பார்த்து ஜுஹுவுக்குப் போகலாம். வில்லே பார்லே அல்லது சாந்தாகுரூஸில் இறங்கி ஆட்டோ. உலர் மணலில் நடப்பது கெண்டைக்காலையும் முழங்காலையும் வாட்டும். நீர் வற்றிப்போன ஈர மணலில் நடப்பது சுகம். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாக இருக்கும். அதனால் ஒரே திசையில் வெகுதூரம் போகாமல், போன வழியே திரும்புங்கள், இடுப்புக்கு ஈடாகிவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. மரத்துப்போன பாதத்தில் சிப்பியோ கண்ணாடியோ கிழித்தாலும் தெரியாது. அலையில் கால் நனைக்கும் ஆசை இருந்தால் பின்பட்டை வைத்த ரப்பர் செருப்போடு நனையுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தை விரலிடுக்கு உட்படப் பார்த்துக் கொள்ளுங்கள். விநாயகர் கரைப்பு முடிந்த சில நாள்களுக்கு எல்லோருமே மணலைத் தவிர்ப்பது நல்லது. சிலைத்துண்டும் ஆணியும் கம்பியும் கிடக்கும். மழைக்காலத்தில் நீலப் பை போல ஒரு வகை ஜெல்லி உயிரினம் ஜுஹுவில் ஒதுங்கும். செத்ததுபோல் இருந்தாலும் கொட்டும். கொட்டினால் தேய்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மலாடுக்கு அப்பாலுள்ள அக்ஸா கடற்கரை அழகுதான். ஆனால் நீரோட்டமும் உள்வாங்கும் மணலும் பல உயிர்களைக் குடித்த இடம். நம் வயதுக் குழு போக வேண்டிய கரை அல்ல.

கழிப்பறை பற்றி வெளிப்படையாக

இதைப் பற்றி எந்த வழிகாட்டியும் பேசுவதில்லை. ஆனால் அறுபதைத் தாண்டியவர்கள், முக்கியமாகப் பெண்கள், நடைக்கு வர மறுப்பதற்கு முழங்காலைவிட இதுவே பெரிய காரணம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “இன்றைக்கு வீட்டில் வேலை” என்பார்கள். சிலர் தண்ணீரே குடிக்காமல் வந்து மயங்கி விழுகிறார்கள். எனவே குழுவின் முன்னால் போகிறவர் தனியாக ஒருமுறை போய், ரயில் நிலையம், சுலப் கட்டணக் கழிப்பறை, நல்ல உணவகம் என்று வழியில் எங்கெங்கே உண்டு, எப்போது திறக்கிறது, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும். கிளம்பும்போதே “முதல் நிறுத்தம் இங்கே, அடுத்தது இங்கே” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டிய சங்கடம் யாருக்கும் வராது. சில்லறையும் சோப்புக் காகிதமும் ஒருவர் பையில் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நடை நாளன்று அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கோஸ்டல் ரோடு நடைபாதையை நான் மூன்றாம் மாதத்துக்குத் தள்ளிவைப்பதும் இதே காரணத்தால்தான். பிரியதர்சினி பூங்காவிலிருந்து வொர்லி பக்கம் நீளும் அந்தப் பாதை அகலமானது, கடல் வெகு அருகில். ஆனால் நிழல் கிடையாது, சுரங்கவழிகள் மூலம் குறிப்பிட்ட இடங்களில்தான் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியும். அவசரத்துக்கு நினைத்த இடத்தில் விலக வழியில்லாத பாதை, பழகிய குழுவுக்குத்தான்.

பைக்குள்

நிறையச் சுமக்க வேண்டாம். தண்ணீர், தொப்பி, ஒரு சிறு துண்டு, அன்றைய மாத்திரை. சட்டைப்பையிலோ கைப்பையிலோ ஒரு அட்டை: பெயர், ரத்தப் பிரிவு, சாப்பிடும் மருந்துகள், வீட்டு எண். அதை ஆங்கிலத்திலோ மராட்டியிலோ எழுதுங்கள். ஆம்புலன்ஸில் வருகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரை மிட்டாய் இல்லாமல் வரக் கூடாது.

சாப்பாட்டில் நம்மவர்களின் பலவீனம் எல்லோருக்கும் தெரியும். ஏழு பேரும் ஏழு பேருக்கும் கொண்டுவருவார்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வாரம் ஒருவர் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, இன்னொருவர் ஃபிளாஸ்கில் காபி, அவ்வளவுதான். நடை முடிந்து மாட்டுங்காவில் டிபன் சாப்பிடும் திட்டம் இருந்தால், அங்குள்ள பழைய உணவகங்களில் சிலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

பருவம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்தது. ஆனால் குளிர்காலத்தில் விடியற்காலைப் புகைமூட்டம் உண்டு, ஜனவரியில் சூரியன் எழவே ஏழு மணி தாண்டிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் ஏழரைக்குத் தொடங்கலாம். ஜனவரியின் மூன்றாம் ஞாயிறு மாரத்தான், தென்மும்பைச் சாலைகள் மூடியிருக்கும். டிசம்பர் 6 அன்றும் அதற்கு முந்தைய ஓரிரு நாள்களிலும் தாதர் கடற்கரைப் பக்கம் அம்பேத்கர் நினைவிடமான சைத்யபூமிக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள். அந்த வாரம் வேறு கரை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலை விட்டு விலகி இருங்கள். மழையோடு நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாள்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கும். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் உங்களுக்கே புரியும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நண்பகல்கள் அவை. அந்த மாதங்களில் மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ், தாதர் சிவாஜி பார்க் என்று நடையைத் தொடருங்கள். நாளும் நேரமும் மாறாமல் இருந்தால் குழு கலையாது. கோளி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் போட்டு மீண்டும் தொழில் தொடங்கும் நாரளி பௌர்ணமி, பெரும்பாலும் நம் ஆவணி அவிட்டத்தன்றே வரும். அவர்களுக்குத்தான் அது தொடக்கம். நமக்கு மழை ஓயட்டும்.

ஒரு முழுநாள்: அலிபாக்

குழு நன்றாகப் பழகிவிட்டால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகேறலாம். மாண்ட்வா வரை சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து அலிபாக்குக்குப் படகு நிறுவனங்களின் பஸ், கட்டணம் படகு டிக்கெட்டிலேயே சேர்ந்தது. கேட்வேயில் படகு ஏறி இறங்கும் படிகள் ஈரமாக, ஆடிக்கொண்டே இருக்கும். அது சரிப்படாது என்பவர்களுக்குப் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் பெரிய கப்பல் உண்டு, 2020 முதல் ஓடுகிறது.

அலிபாக் கரையில் நின்றால் எதிரே கடலுக்குள் கொலாபா கோட்டை. சிவாஜி காலத்தில் எழுந்து, பின்னர் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயின் தளமாக விளங்கியது. உள்ளே ஒரு பிள்ளையார் கோயிலும் நன்னீர்க் கிணறும் இருக்கின்றன. நீர் வற்றினால் நடந்தே போகலாம், ஏறினால் படகுதான். திதிக் கணக்கு இங்கேயும் அப்படியே செல்லும். சதுர்த்தி, பஞ்சமியில் காலை ஒன்பது, ஒன்பதே முக்கால் வாக்கில் நீர் வற்றியிருக்கும். முதல் படகைப் பிடித்தால்தான் அதற்குள் போய்ச் சேர முடியும். கரையில் இருக்கும் குதிரை வண்டிக்காரர்களிடம் “எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்” என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதற்கு அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் நடக்காமல் வண்டியிலோ படகிலோ போங்கள். பாறைக்கு மேல் பாசி இருக்கிறது, தண்ணீருக்கடியில் தெரியாது.

திரும்பும் படகு தவறினால் பதற வேண்டாம். அலிபாக்கிலிருந்து பன்வேலுக்கு அரசு எஸ்.டி. பஸ் போகிறது. 75 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை, 65 முதல் 75 வரை பாதிக் கட்டணம், பெண்களுக்கு 75 வரை எந்த வயதிலும் பாதி. ஆதார் அட்டை கையில் இருக்க வேண்டும். பன்வேலில் ஹார்பர் வண்டி கிளம்பும் இடத்திலேயே ஏறுவதால் செம்பூர் வரை உட்கார்ந்தே வரலாம்.